தோழி அனுப்பிய கடிதத்துக்குள் என் கதையும் இருக்கிறது, கையெழுத்துப் போடலாமா?

துபாயிலிருந்து எழுதியிருக்கும் வாசகிக்கு வயது 41. தென் மாவட்டத்துக்காரர். 11 ஆண்டுகளாக அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஃப்ளாட்டில் உடனிருப்பவர் பிலிப்பைன்ஸின் இலோய்லோ பக்கத்தைச் சேர்ந்த மூத்த நர்ஸ். அவரை வாசகி 'ஆத்தே' என்றே அழைக்கிறார். அவர்கள் மொழியில் அக்கா என்று பொருள். 2016இல் வாசகியின் கணவர் விசிட் விசாவில் வந்து தங்கி, சம்பள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அடித்திருக்கிறார். பாஸ்போர்ட்டும் அவர் கைக்குப் போய்விடாமல் ஆத்தே அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்து 20 நாள் காப்பாற்றியிருக்கிறார். 2019இல் ஊர் குடும்ப நீதிமன்றத்தில் கொடுமையைக் காரணம் காட்டி வாசகி விவாகரத்து மனு போட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை. 15 வயது மகள் பாட்டி வீட்டில் இருந்து படிக்கிறாள்.

இப்போது ஆத்தே தன் நாட்டின் கடித நாடக நிகழ்ச்சி (நேயர்களின் கடிதங்களை நாடகமாக்கிக் காட்டும் டிவி நிகழ்ச்சி) ஒன்றுக்குத் தன் வாழ்க்கையை எழுதி அனுப்பியிருக்கிறார். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு அயல்நாட்டில் உழைத்த கதை. அதன் நடுவே வாசகியின் கதையும் வருகிறது. போதாததற்கு, 2017இல் நன்றி சொல்லி வாசகி அவருக்கு எழுதிய ஒன்பது பக்கக் கடிதத்தின் நகலையும் சேர்த்து அனுப்பிவிட்டார். நிகழ்ச்சியிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது; பின்னாலேயே மூன்று பக்க ஒப்புதல் படிவமும் வந்திருக்கிறது. "பேரை மாத்திடுவாங்க, உனக்கு ஒண்ணும் ஆகாது" என்கிறாராம் ஆத்தே. வாசகி கேட்பது இதுதான்: வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா? நடந்தது எல்லாமே உண்மை என்பதால் கணவர் எதுவும் செய்ய முடியாதுதானே? கதையை முன்கூட்டியே காட்டச் சொல்லலாமா? பணம் தருவார்களா?

சகோதரி, முதலில் ஒன்று. ஆத்தே உங்களை ஏமாற்றவில்லை. அந்த நாட்டில் இப்படிக் கடிதம் எழுதுவது குடும்ப ரகசியத்தை வெளியே கொட்டுவதாகப் பார்க்கப்படுவதில்லை. 'மாலாலா மோ காயா' ('உனக்கு நினைவிருக்குமா' என்பது போன்ற பொருள்) என்ற கடித நாடகம் 1991 மே 15 அன்று தொடங்கி 2022 டிசம்பர் வரை 31 ஆண்டுகள் ஓடியது. 2025இல் திரும்பவும் வந்தது. 'அன்புள்ள சாரோ' என்று தொடங்கும் கடிதங்களை சாரோ சாண்டோஸ்-கான்சியோ வாசிக்க, ஒரு தலைமுறையே கேட்டு வளர்ந்தது. போட்டி அலைவரிசையின் 'மக்பகாய்லன்மான்' 2002இல் செய்தி வாசிப்பாளர் மெல் தியாங்கோவை வைத்துத் தொடங்கியது. 2007இல் நின்று 2012இல் மறுபடி வந்தது. வெளிநாட்டில் உழைக்கும் அம்மாக்களின் கதை இந்த நிகழ்ச்சிகளுக்கு உயிர்நாடி. தன் வாழ்க்கை அங்கே வருவதை ஆத்தே ஒரு கௌரவமாகவே நினைத்திருப்பார். எந்த நிகழ்ச்சி என்று நீங்கள் எழுதியதை இங்கே விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போவது எதற்கும் பொருந்தும்.

கடிதம் அப்படியே நாடகமாகிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ஆய்வாளர் பேட்டி எடுப்பார், சம்பந்தப்பட்டவர்களிடம் விசாரித்து ஒத்துப்பார்ப்பார். பிறகு கதைச்சுருக்கம், அதன் பிறகே திரைக்கதை. பல வருடக் கதையை ஒரே இரவில் சொல்லியாக வேண்டும் என்பதால் மூன்று பேரை ஒரே பாத்திரமாக்குவார்கள், நான்கு அடிதடியை ஒன்றாக்குவார்கள், நடக்காத ஒரு வாக்குவாதத்தைச் சேர்ப்பார்கள். 'எல்லாமே உண்மை' என்று நீங்கள் சொல்வது உங்கள் நினைவைப் பற்றி. திரையில் வரப்போவதைப் பற்றி இன்று யாராலும் அப்படிச் சொல்ல முடியாது.

காகிதம் அவருடையது, எழுத்து உங்களுடையது

உங்கள் கையில் இருக்கும் மிக வலுவான பிடி அந்த ஒன்பது பக்கம். கடிதம் கைக்கு வந்துவிட்டால் அது தன் சொத்து என்று ஆத்தே நினைக்கிறார். பாதி சரி. பிலிப்பைன்ஸ் சிவில் சட்டத்தின் 723ஆவது பிரிவு, கடிதமும் தனிப்பட்ட எழுத்துத் தொடர்பும் யாருக்கு அனுப்பப்பட்டதோ அவருக்கே சொந்தம் என்கிறது. ஆனால் எழுதியவரோ அவருடைய வாரிசோ சம்மதிக்காமல் அவற்றை வெளியிடவோ பரப்பவோ கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பொதுநலனோ நீதியோ கேட்டால் நீதிமன்றம் அனுமதிக்கலாம். ஒரு வார நாடகத்துக்கு அந்த வழி திறக்காது. 1997ஆம் ஆண்டின் அறிவுசார் சொத்துரிமைச் சட்டமும் (8293ஆம் எண் சட்டம்) கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கே என்று தனியாகச் சொல்லி, இந்த 723ஐயும் சுட்டுகிறது. அந்தச் சட்டப்படி எழுத்தில் சொல்லாதவரை பதிப்புரிமை இன்னொருவருக்குப் போகாது. 'ஃபோன்ல சரின்னு சொன்னீங்களே' என்று பின்னால் யாராவது கேட்டால் இதுவே பதில்.

ஆகவே கடிதத்தின் வரிகளை நடிகை வாசிப்பதற்கு மட்டுமின்றி, அதைத் தழுவிக் காட்சி எழுதுவதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும். நீங்கள் அவருக்கு எழுதிய நீளமான வாட்ஸ்அப் செய்திகளுக்கும் இதையே சொல்வேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆத்தே தன் வாழ்க்கையைச் சொல்வதை உங்களால் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அடிபட்டு வந்த ஒரு தோழியைத் தன் அறையில் வைத்துக் காப்பாற்றினார் என்பது அவர் வாழ்க்கையிலும் நடந்ததுதான். ஆனால் உங்கள் திருமணத்துக்குள் நடந்தது, உங்கள் உடம்பில் பட்ட காயம், உங்கள் மகள், நீதிமன்றத்தில் நீங்கள் சொன்னது ஆகியவை அவர் எடுத்துக் கொடுக்கக்கூடிய பொருள் இல்லை. கோட்டை இங்கே போடுங்கள். ஆத்தேயிடம் பேசும்போதும் இதே வார்த்தைகளில் பேசலாம். "உங்க கதையை நிறுத்தச் சொல்லல ஆத்தே, என் கதையை மட்டும் எடுத்துடுங்க" என்றால் அவருக்குப் புரியும்.

பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உங்கள் நிலை தெளிவாகும். 1951இல் கொல்லப்பட்ட மேயர் வேட்பாளர் மோய்சஸ் பாடிலாவைப் பற்றி 1961இல் ஒரு படம் எடுத்தார்கள். அவருடைய அம்மாவையும் குடும்பத்தையும் அதில் காட்டியதால் குடும்பத்தோடு ஓர் உரிம ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு தயாரிப்பாளர், 'அவர் பொதுமனிதர், எனக்கு அனுமதியே தேவையில்லை' என்று மீதிப் பணத்தைத் தர மறுத்தார். 1979இல் நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை: பொதுமனிதர் என்பதாலேயே ஒருவரின் அந்தரங்க உரிமை முழுதாக அழிந்துவிடாது, ஒப்பந்தம் செல்லும் என்றது. 1988இல் வேறொரு வழக்கு. 1986இல் மார்கோஸ் ஆட்சியைக் கவிழ்த்த மக்கள் புரட்சியைப் பற்றிய ஒரு தொடரில் தன்னைக் காட்டக் கூடாது என்று, அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த ஹுவான் போன்சே என்ரிலே தடை கேட்டார். அவர் வரலாற்று நிகழ்வின் நடுவே நின்றவர், தடை இல்லை என்று தீர்ப்பானது. நீங்கள் வேட்பாளரும் இல்லை, அமைச்சரும் இல்லை. முதல் தீர்ப்பு உங்களுக்கு இன்னும் நன்றாகவே பொருந்தும்.

ஆனால் இரண்டாவது தீர்ப்பிலிருந்து ஒரு நடைமுறைப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளிபரப்புக்கு முன்பே தடை வாங்குவது அங்கே கடினம். ஒளிபரப்பான பிறகு, அடுத்தவர் குடும்ப வாழ்வில் தலையிடுவதைக் கண்டிக்கும் சிவில் சட்டம் 26ஆவது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். அதற்குள் பார்க்கக் கூடாதவர்கள் பார்த்திருப்பார்கள். வழக்கைவிட, இந்த வாரம் நீங்கள் அனுப்பும் ஒரு மின்னஞ்சலுக்கு மதிப்பு அதிகம் என்று சொல்வது அதனால்தான்.

'எங்கள் நாட்டில் 2012லேயே தகவல் அந்தரங்கச் சட்டம் இருக்கிறது' என்று ஆத்தே ஆறுதல் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. ஆனால் பத்திரிகை, கலை, இலக்கிய நோக்கத்துக்கான தகவலுக்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெயரை மாற்றினால் போதாது

பெயரை மாற்றுவது உங்களைத் தெரியாதவர்களிடமிருந்து உங்களை மறைக்கும். உங்கள் கவலை அவர்களைப் பற்றியது அல்லவே. கணவர், மாமனார் வீடு, மகளின் பள்ளிக்கூடம், அதே மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள், இவர்களுக்குப் பெயரே தேவையில்லை. துபாய், தமிழ் நர்ஸ், விசிட் விசாவில் வந்த கணவர், அரிசி டப்பா. நான்கு விஷயம் போதும்.

அந்த அரிசி டப்பாவைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். இந்த வகை நாடகங்களில் கதையின் நடுவே இருக்கும் ஒரு பொருளையே தலைப்பாக வைக்கும் பழக்கம் உண்டு. 1991இல் வந்த முதல் கதையின் தலைப்பே 'ரப்பர் ஷூஸ்'. பாஸ்போர்ட்டை அரிசிக்குள் புதைத்த காட்சியைக் கதாசிரியர் யாரும் விட மாட்டார், அப்படியே தலைப்பாகவும் வந்து நிற்கும். வெளிநாட்டுப் பிலிப்பினோக்களுக்கான அலைவரிசை வளைகுடாவிலும் தெரிகிறது, துண்டுகள் யூடியூபுக்கும் வரும். சம்மதிப்பதாக முடிவெடுத்தாலும், நாடு, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை, ஒளித்துவைத்த பொருள் ஆகிய நான்கையும் மாற்றச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். பெயர் கடைசிதான்.

வழக்கு நடக்கும்போது வரும் ஆபத்து

உண்மையைச் சொன்னால் அவதூறு ஆகாது என்ற நம்பிக்கை நம் ஊரில் பரவலாக இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 356ஆவது பிரிவில் உண்மை மட்டும் போதாது. பொதுநலனுக்காக அதைச் சொல்ல வேண்டியிருந்தது என்றும் காட்ட வேண்டும். இரண்டு ஆண்டு வரை சிறையோ அபராதமோ உண்டு. பிலிப்பைன்ஸ் தண்டனைச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே நிலைதான்: உண்மையாக இருந்தாலும் நல்ல நோக்கம் காட்டப்படாவிட்டால் தீய எண்ணம் இருந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். உங்கள் கணவர் மணிலாவுக்குப் போய் வழக்குப் போட மாட்டார். ஆனால் ஊரிலேயே ஒரு தனிநபர் புகார் கொடுத்து, தகவல் தந்தவர் என்று உங்கள் பெயரைச் சேர்க்கலாம். கடைசியில் அது நிற்காமல் போகலாம். அதுவரை வாய்தாவுக்கு விமானம் ஏறப்போவது நீங்கள்தான்.

அதைவிடப் பெரிய ஆபத்து விவாகரத்து வழக்கில் இருக்கிறது. ஆய்வாளர் எடுக்கும் பேட்டி, நீங்கள் நிரப்பும் படிவம், திருத்திக் கொடுக்கும் கதைச்சுருக்கம் எல்லாமே நீங்கள் முன்பு கொடுத்த வாக்குமூலங்கள் போல ஆகிவிடும். மனுவில் 'மார்ச் மாதம் அடித்தார்' என்றும், பேட்டியில் 'ரம்ஜான் சமயம் அடித்தார்' என்றும் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். குறுக்கு விசாரணையில் அரை மணி நேரம் உங்களை நிற்கவைப்பார். 2016இல் ரம்ஜான் ஜூனில் தொடங்கியது என்பதைக்கூட அவர் தேடி எடுத்து வருவார். பத்து வருடத்துக்கு முந்தைய தேதியை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லும்போது யாருக்கும் தடுமாறும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாதது. இந்து திருமணச் சட்டத்தின் 22ஆவது பிரிவுப்படி, அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் வழக்கு மூடிய அறையில் நடக்க வேண்டும். அது சம்பந்தமான எதையும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது. நீதிமன்ற அனுமதியோடு வெளியாகும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு மட்டும் விலக்கு. அபராதம் வெறும் 1,000 ரூபாய்தான், சிரிப்பாகக்கூட இருக்கும். ஆனால் மகளின் பொறுப்பு யாருக்கு என்று முடிவு செய்யப்போகும் நீதிபதி, வழக்கை டிவிக்குக் கொடுத்தவர் என்று உங்களைப் பார்த்துவிட்டால் இழப்பு 1,000 ரூபாயோடு நிற்காது. மனுவின் நகலை ஆத்தே அனுப்பியிருக்கிறாரா என்று இன்றே கேளுங்கள்.

ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட்ட வழக்கு நினைவிருக்கலாம். 1994இல் வந்த அந்தத் தீர்ப்பு, திருமணம், குடும்பம், தாய்மை போன்றவற்றைப் பற்றி ஒருவரின் சம்மதமில்லாமல், உண்மையோ பொய்யோ, பாராட்டோ பழியோ, யாரும் வெளியிடக் கூடாது என்றது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளுக்கு விலக்குக் கொடுத்தது. உங்கள் வழக்குக்கு 22ஆவது பிரிவு இருப்பதால் அந்த விலக்கை யாரும் எளிதில் காட்ட முடியாது. அதே தீர்ப்பு இன்னொரு பக்கமும் வெட்டும்: திருமண வாழ்வு உங்கள் கணவருடையதும்தான். அவருடைய சம்மதத்தை நீங்கள் கொடுக்க முடியாது.

துபாயில் இருக்கும்வரை இன்னும் கவனம் வேண்டும். அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம், ஒருவருக்குத் தீங்கு செய்யும் நோக்கோடு அவரைப் பற்றிய படத்தையோ செய்தியையோ இணையத்தில் போடுவதை, அது உண்மையாகவே இருந்தாலும், குற்றமாகப் பார்க்கிறது. நாடகம் ஒளிபரப்பான இரவில் 'இதுதான் அவர்' என்று ஒரு ஸ்டேட்டஸ் போட்டாலே சிக்கல். மருத்துவமனைச் சீருடையில் எடுத்த படம் எதையும் நிகழ்ச்சிக்குக் கொடுக்காதீர்கள்.

அந்த மூன்று பக்கத்தில் இருப்பது

நீங்கள் அனுப்பிய படிவத்தைப் படித்தேன். இந்தத் துறையில் வழக்கமாக வரும் படிவம்தான். எல்லா ஊடகத்திலும், உலகம் முழுக்க, காலவரையின்றி என்று உரிமை கேட்கிறார்கள். நாடகத் தேவைக்காகச் சம்பவங்களை மாற்றலாம் என்று ஒரு வரி. எதிர்காலத்தில் எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டேன் என்று ஒரு வரி. இவற்றைப் பேசிக் குறைக்கலாம். ஆனால் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பத்தி அப்படியில்லை. நான் சொன்னது எல்லாம் உண்மை, மூன்றாம் நபர் யாராவது வழக்குப் போட்டால் அதனால் ஆகும் நஷ்டத்தை நானே ஈடு செய்வேன் என்கிறது. உங்கள் கணவர் வழக்குப் போட்டால் நிறுவனத்தின் வக்கீல் செலவும் உங்கள் தலையில் விழும். ஒரு நர்ஸின் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? இந்தப் பத்தியை நீக்காமல் எந்த நிலையிலும் கையெழுத்து வேண்டாம்.

திரைக்கதையைக் காட்டச் சொல்லும் உரிமை உங்களுக்குத் தானாக வராது. ஒப்பந்தத்தில் எழுதினால்தான் உண்டு. முழுத் திரைக்கதையைக் கேட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள். அதனால் கதைச்சுருக்கத்தையும், உங்கள் பாத்திரம் வரும் காட்சிகளை மட்டும் படித்துத் தவறைத் திருத்தும் வாய்ப்பையும் கேளுங்கள். படப்பிடிப்பு தொடங்கும் வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று ஒரு வரி சேருங்கள். இணையத்தில் ஏற்றும்போது இந்தியாவில் தெரியாதபடி தடுக்கச் சொல்லுங்கள். தொழில்நுட்பத்தில் அது சாதாரண வேலை. கேட்காதவருக்குச் செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான். ஒளிபரப்புக்குப் பிந்தைய பேட்டி, விளம்பரத் துண்டு இரண்டுக்கும் தனிச் சம்மதம் வேண்டும் என்றும் எழுதுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: சட்டம் நிர்ணயித்த தொகை எதுவும் கிடையாது, பேசி முடிப்பதுதான். பாடிலா குடும்பத்துக்கு 1961இல் பேசியது 20,000 பெசோவும் வருமானத்தில் 2.5 சதவீதமும். அது திரையரங்குப் படம். வார நாடகத்தில் அந்தக் கணக்கை எதிர்பார்க்காதீர்கள். என்ன கொடுத்தாலும், விவாகரத்து முடியாத நிலையில் 'கதையை விற்றார்' என்ற பேச்சுக்கு அந்த ரசீதே சாட்சியாகும்.

என் யோசனை

மூன்று வழி இருக்கிறது: முழுதாக மறுப்பது, அடையாளம் தெரியாத ஒரு துணைப் பாத்திரமாக மட்டும் வரச் சம்மதிப்பது, வழக்கு முடியும்வரை தள்ளிப்போடுவது. நான் மூன்றாவதைச் சொல்வேன். ஆத்தேயின் கதை உங்கள் பகுதி இல்லாமலே நிற்கும். தாய்க்கும் மகளுக்கும் இடையிலான தூரமே அதன் மையம். அவரைக் காக்க வைக்க மனமில்லை என்றால் இரண்டாவது வழி, ஒன்பது பக்கக் கடிதம் இல்லாமல். எதுவானாலும் ஊரில் வழக்கு நடத்தும் உங்கள் வக்கீலிடம் இந்தப் படிவத்தை முதலில் காட்டுங்கள்.

மகளிடமும் கேளுங்கள். சட்டப்படி 15 வயதில் அவள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் வகுப்புக்குள் போகப்போகிறவள் அவள்.

இந்த வாரமே நிகழ்ச்சியின் மின்னஞ்சலுக்கு, ஆத்தேக்கும் நகல் வைத்து, கீழே உள்ளதை ஆங்கிலத்தில் அனுப்புங்கள். விளக்கம், மன்னிப்பு, கதை எதுவும் சேர்க்க வேண்டாம். நீளமாக எழுதினால் அதுவும் இன்னொரு வாக்குமூலம்தான்.

"எனக்குத் தெரிந்தவர் தங்களுக்கு அனுப்பிய கடிதத்தில் என்னைப் பற்றிய தகவலும், 2017இல் நான் அவருக்கு எழுதிய ஒன்பது பக்கத் தனிப்பட்ட கடிதத்தின் நகலும் உள்ளன. அவற்றை எந்த வடிவிலும் வெளியிட, தழுவ, பயன்படுத்த நான் சம்மதம் தரவில்லை. பிலிப்பைன்ஸ் சிவில் சட்டம் 26, 723ஆவது பிரிவுகளின்படி எனக்குள்ள உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. வீடியோ அழைப்பில் நான் பேசியதைச் சம்மதமாகக் கொள்ள வேண்டாம். அதன் பதிவையும் கடித நகலையும் அழித்துவிட்டு, அழித்ததை 15 நாளுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்துங்கள்."

பதில் வந்தாலும் வராவிட்டாலும், அனுப்பிய தேதி தெரியும்படி அதை அச்செடுத்து உங்கள் வக்கீலின் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.